அந்தக் கிழவன் என்ன சொல்றான்?

கொஞ்சம் நீளமான இழை. மருத்துவம் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் வீடியோ கேம் பத்தித்தான் பேசப்போறேன். பொறுமை இருக்கிறவங்க ஒரு டீயை எடுத்துட்டு உட்காருங்க.

போன சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்கு ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு மாசமா தலைவலி. "நாள் பூரா போன்லயே கேம் சார். நான் சொன்னா எங்க கேக்குறான், நீங்களே சொல்லுங்க." பரிசோதித்துப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் பாதிக்கு மேல் தடுமாறினான். கண் டாக்டருக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, "என்ன கேம் தம்பி, காட்டு" என்றேன்.

காட்டினான். அசந்துட்டேன். மலை, ஆறு, கோட்டை, காத்துக்கு ஆடுற புல்லு வரைக்கும் இருக்கு. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் அம்பு.

"இது என்ன?"

"அங்க போகணும் சார்."

"போனா?"

"அடுத்த அம்பு வரும்."

அந்த நேரம் பார்த்து ஒரு தாத்தா குறுக்கே வந்து ஏதோ பேச ஆரம்பித்தார். பையன் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். தாத்தா காணாமப் போயிட்டார்.

"அவர் என்ன சொல்ல வந்தார்?"

"தெரியல சார். கதை. ஸ்கிப் பண்ணிடலாம்."

எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு.

எங்க ஊர் நாகமலை புதுக்கோட்டை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: மதுரையில் இருந்து தேனி ரோட்டில் போனா, காமராசர் பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி வரும். ஊருக்கு முதுகுப்பக்கம் பாம்பு படுத்த மாதிரி நீளமா ஒரு மலை. அதுதான் நாகமலை. தொண்ணூறுகளில் எங்க தெருவில் ரெண்டு வீட்டில்தான் டிவி கேம் இருந்துச்சு. டவுன் ஹால் ரோட்டில் வாங்கினது. ஜப்பான் நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்து யாரோ அடித்த நகல். மஞ்சள் கேசட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேம்னு போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தா இருபதுகூடத் தேறாது. மரியோ, கான்ட்ரா, டேங்க். வேலை செய்யலைன்னா கேசட்டைக் கழற்றி ஊதுவோம். இந்த வரியைப் படிக்கிறப்பவே உங்களில் பாதிப்பேர் வாயைக் குவிச்சிருப்பீங்க.

அதே பெட்டிக்கு ஜப்பானில் வேற ஒரு வகை கேமும் வந்துக்கிட்டு இருந்துச்சு. ரோல் பிளேயிங் கேம். நீங்க ஒரு ஆளா மாறி, ஊர் ஊராப் போய், கண்ணில் படுறவங்க கிட்ட எல்லாம் பேச்சுக் கொடுத்து, மெல்ல மெல்லக் கதையைக் கண்டுபிடிக்கணும். முடிக்க வாரக்கணக்கில் ஆகும். விட்ட இடத்தைச் சேமிச்சு வைக்க கேசட்டுக்குள் பேட்டரி வேணும். நம்ம ஊர் நகல் கேசட்டில் ஏது பேட்டரி? போதாக்குறைக்கு முழுக்க எழுத்து, அதுவும் ஜப்பான் எழுத்து. அதனால அந்த வகை நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு, குறுக்கு வழியில்தான் வந்துச்சு.

2002. நான் ஒன்பதாவது, தமிழ் மீடியம். அக்கா பி.சி.ஏ. சேர்ந்ததால் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பல்கலைக்கழகம் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு அண்ணன் சிடி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரையே பழைய கேம் பெட்டி மாதிரி நடிக்க வைக்கிற மென்பொருள். கூடவே நூத்துக்கணக்கில் கேம்கள். சட்டப்படி சரியான்னு கேட்டா, இல்லை. எனக்கு அப்ப பதினாலு வயசு.

அதில் ஒன்று 'டிராகன் வாரியர்'. 1986 மே மாசம் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' என்ற பேரில் வந்தது, 1989-ல் அமெரிக்காவுக்கு இங்கிலீஷில் போனது. எழுதியவர் யுஜி ஹோரி. படம் வரைந்தவர் அகிரா தோரியாமா. ஆமா, நம்ம 'டிராகன் பால்' தோரியாமாவேதான். மொத்த கேமும் 64 கிலோபைட்டுக்குள் அடக்கம். காலையில் உங்க சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பெருசு.

ராஜா கூப்பிட்டு, அரக்க டிராகன் ராஜ்ஜியத்தைப் பிடிச்சிருச்சு, போய் அழின்னு சொல்லுவார். கோட்டையை விட்டு வெளியே வந்து நிக்கிறீங்க. அம்பும் இல்ல, வரைபடமும் இல்ல. ஆனா தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரு கருத்த கோட்டை தெரியும். அதுதான் அரக்கன் இருக்கிற இடம். கதையோட கடைசி இடத்தை முதல் நிமிஷத்திலேயே கண்ணில் காட்டிட்டாங்க! நாலு எட்டுதான் இருக்கும் போல. ஆனா நடுவில் தண்ணி. அங்கே போய்ச் சேர எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

எங்கே வேணும்னாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. பாலத்தைத் தாண்டினா மட்டும் அங்கே இருக்கிற மிருகங்கள் இன்னும் பலசாலியா இருக்கும். அதைச் சொல்ல ஒரு பலகை கிடையாது. தாண்டுவீங்க, செத்துப்போவீங்க, ராஜா முன்னாடி முழிப்பீங்க, கையில் இருந்த காசில் பாதி போயிருக்கும். அடுத்த தடவை அந்தப் பாலத்துக்கிட்ட வந்ததும் கால் தானா நிக்கும். எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேர்மையான எச்சரிக்கைப் பலகை வேற இல்ல.

கதை எப்படி நகரும்? ஒரு ஊரில் பத்துப்பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு வரிதான் சொல்லுவாங்க. ஒருத்தர் உப்புச்சப்பில்லாம விலைவாசி பேசுவார், இன்னொருத்தி புருஷனைத் தேடிக்கிட்டு இருப்பாள். மூலையில் தனியா நிக்கிற ஒரு கிழவன், எங்கேயோ தொலைவில் இருக்கிற ஒரு சகதியைப் பத்தி ஒரு வரி சொல்லுவான். அந்த ஒரு வரியை விட்டீங்கன்னா பத்து நாள் சுத்தினாலும் கதவு திறக்காது. ஹோரி இதுக்கு முன்னாடி ஒரு கொலை விசாரணை கேம் எழுதினவர். சாட்சிகளைத் தேடித்தேடி விசாரிக்க வைக்கிற அந்தப் புத்தியை அப்படியே ராஜா ராணி கதைக்குள்ள கொண்டாந்துட்டார்னு நினைக்கிறேன். 64 கிலோபைட்டில் நீளமா வசனம் எழுத இடமும் இல்ல. கதையை உடைச்சு ஊர் ஊரா ஒளிச்சு வச்சுட்டு, பொறுக்கிச் சேர்க்கிற வேலையை நம்ம தலையில் கட்டிட்டாங்க.

அந்தச் சகதி விஷயம் கேளுங்க. 'கோட்டையில் இருந்து தெற்கே எழுபது, கிழக்கே நாற்பது' என்று ஒரு கணக்கு கிடைக்கும். போய்ப் பார்த்தா மத்த சகதி மாதிரியே ஒரு சகதி, அடையாளமே இருக்காது. நான் கிராஃப் நோட்டில் ஒரு காலடிக்கு ஒரு கட்டம் என்று உலகம் முழுக்க வரைஞ்சு வச்சிருந்தேன். கணக்கு வாத்தியார் அந்த நோட்டைப் பார்த்துட்டு, "இது என்னடா, வீட்டுமனை லேஅவுட்டா?" என்றார். அந்தக் கட்டத்தில் போய் நின்னு 'தேடு' என்று கொடுத்ததும் ஒரு சின்னம் கிடைச்சது பாருங்க, எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைச்ச அன்னிக்குக்கூட நான் அப்படிக் கத்தலை. அந்தச் சின்னம் இருந்தாத்தான் கடைசிப் பாலம் போட முடியும். முதல் நிமிஷத்தில் தண்ணிக்கு அப்பால் தெரிஞ்ச கோட்டைக்குப் போற பாலம்.

இங்கிலீஷ் கதையையும் சொல்லிடறேன். அந்த கேமை மொழிபெயர்த்த புண்ணியவான்கள் ராஜா காலத்து இங்கிலீஷில் எழுதியிருந்தாங்க. நம்மகிட்ட லிஃப்கோ அகராதிதான். 'தௌ' என்றால் 'நீ'. அதை நான் 'தோ' என்று படித்துக்கொண்டு, வகுப்பில் டீச்சரையே 'தோ' போட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்டேன். "எங்கடா வர்றான் உன் ஆளு, தோ தோங்கிற?" என்றார்கள். வகுப்பே சிரிச்சது. ஆனா அந்த வருஷம்தான் அகராதி இல்லாம இங்கிலீஷ் பக்கம் ஒன்றை முழுசா முதல்முறையாப் படிச்சேன். பிறகு கல்லூரியில் உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்தப்ப தமிழ் மீடியம் பசங்க நிறையப்பேர் மிரண்டாங்க. நானும் மிரண்டேன்தான். ஆனா தெரியாத சொல்லைத் தாண்டிப் போகாம நின்னு பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இந்த கேம்கள் எங்கிருந்து முளைச்சதுன்னு பின்னாடி தேடிப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. 'செல்டா' வந்ததும் 1986-தான். அதன் ஆரம்பத்தில் உங்க கையில் வாள்கூட இருக்காது. பக்கத்தில் ஒரு குகை வாய் கருப்பாத் தெரியும். உள்ளே போனா ஒரு கிழவர் வாள் கொடுப்பார். போகாமலும் திரியலாம், உங்க இஷ்டம். அதை உருவாக்கிய மியாமோட்டோ கியோட்டோ பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். சின்ன வயசில் காடுமேடெல்லாம் அலைஞ்சு ஒரு குகையைக் கண்டுபிடிச்ச அனுபவம்தான் அதுக்கு விதைன்னு சொல்லியிருக்கார். போக்கிமான் செய்த சதோஷி தாஜிரி சின்ன வயசில் பூச்சி பிடிச்சுத் திரிஞ்சவர். அட, இதைத்தானே நாங்களும் செஞ்சுக்கிட்டு இருந்தோம்! பொன்வண்டைப் பிடிச்சுத் தீப்பெட்டியில் போட்டு, இலை கிள்ளி வச்சு, முட்டை போடுதான்னு மணிக்கொரு தரம் திறந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆனா கீழக்குயில்குடி சமணர் மலைக்கு சைக்கிள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமரம். செட்டிப்புடவு குகையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசான தீர்த்தங்கரர் சிற்பங்கள். பாறையில் வட்டெழுத்து வெட்டியிருக்கும். நாங்க அதை ரகசிய பாஸ்வேர்ட்னு நம்பினோம். தொட்டுத்தொட்டுப் பார்த்தோம், பாறை ஒண்ணும் திறக்கலை.

பொழுது சாய்ஞ்சதும் வீட்டுக்கு வந்துரணும். அப்பத்தா கண்டிப்பு. "மலையடிவாரம், காத்து கருப்பு இருக்கும்" என்று சொல்லும். அதுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. விடிஞ்சும் விடியாம எங்க பாய்க்கிட்ட வந்து குந்தி, "கண்ணைத் தொறந்து என்னையப் பாரு" என்று ஒவ்வொருத்தரையும் எழுப்பும். பார்த்துட்டா, "சரி, தூங்கு" என்று போயிரும். எழுப்பித் தூங்கச் சொல்றதா என்று அக்கா சலிச்சுக்குவா. கிழவிக்குக் கிறுக்கு என்று நாங்க சிரிப்போம். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

சரி, அப்பத்தாவும் கம்ப்யூட்டரும். ராத்திரி நான் விளையாடும்போது பக்கத்தில் வெத்தலை இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதுக்குப் படிக்கத் தெரியாது. திரையில் யாராவது வாயைத் திறந்தா உடனே, "அந்தக் கிழவன் என்ன சொல்றான்?" நான் தமிழில் சொல்லணும். சொல்லாம அடுத்த பட்டனை அமுக்கினா இடி விழும். "வந்தவன் பேசிக்கிட்டு இருக்கான், நீ பாட்டுக்குப் போறியே, என்ன புள்ள நீ." இப்படியே ஒரு முழு வருஷம் நான் அப்பத்தாவுக்கு ஜப்பான் கதையைத் தமிழில் சொன்னேன். கரண்டு போயிட்டா மொட்டைமாடி. அங்கே இருட்டில் விட்ட இடத்தில் இருந்து கதை தொடரும், அப்பத்தா 'ம்' கொட்டும்.

'ஃபைனல் ஃபேண்டஸி' அதுக்குப் பிடிச்சது. 1987-ல் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. ராஜகுமாரியை மீட்டுக் கொடுப்பீங்க, கதையே முடிஞ்ச மாதிரி இருக்கும். ராஜா சந்தோஷப்பட்டுப் பாலம் கட்டிக் கொடுப்பார். அந்தப் பாலத்தில் கால் வச்சதுக்கு அப்புறம்தான் கேமோட தலைப்பே திரையில் வரும். அப்பத்தாவுக்கு இதை விளக்கினப்ப, "அப்ப இம்புட்டு நேரம் நடந்தது?" என்றது. "அதெல்லாம் முன்கதை." "நல்ல கூத்தா இருக்கே, கட்டியங்காரன் இப்பத்தான் வர்றானா?" என்று சிரித்தது.

1995-ல் வந்த 'குரோனோ டிரிக்கர்'தான் எங்க ரெண்டு பேரையும் கட்டிப் போட்டது. 'டிராகன் குவெஸ்ட்' எழுதின ஹோரியும், வரைஞ்ச தோரியாமாவும், 'ஃபைனல் ஃபேண்டஸி'யை உருவாக்கிய சகாகுச்சியும் ஒண்ணா உட்கார்ந்து செய்தது. காலத்தில் முன்னேயும் பின்னேயும் போகிற கதை.

ஆரம்பத்தில் ஒரு திருவிழா. சும்மா சுத்தலாம். ஒரு மேஜையில் யாரோ ஒரு கிழவரோட மதியச் சாப்பாடு இருக்கும். பட்டனை அமுக்கினா தின்னுடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானும் தின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, ராஜகுமாரியைக் கடத்தினதா என்னைக் கோர்ட்டில் நிறுத்துறாங்க. சாட்சி சொல்ல அந்தக் கிழவர் வர்றார். இவன் என் சோத்தைத் தின்னவன் என்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வரைக்கும் எந்த கேமும் என்னைக் கவனிச்சுக்கிட்டே இருந்ததில்லை. அப்பத்தா அசரவே இல்லை. "அடுத்தவன் சோத்தை எடுத்துத் தின்னா கேக்காம விடுவாய்ங்களா? நான் அன்னைக்கே சொன்னேன்ல." உண்மைதான், சொல்லியிருந்தது.

கதையின் பின்பகுதியில் கட்டு அவிழ்த்துவிட்ட மாதிரி உலகம் மொத்தமாத் திறக்கும். நேரா கடைசி எதிரிகிட்டப் போய் முடிச்சுக்கலாம். இல்லைன்னா அங்கிட்டு இங்கிட்டு அலையலாம். அலைஞ்சவங்களுக்கு மட்டும் கிடைக்கிற கதைகள் உண்டு. அதில் ஒன்று: வறண்ட மண்ணைக் காடாக்க ஒரு ரோபோவை விட்டுட்டுப் போகணும். அது நானூறு வருஷம் தனியா மரம் நடும். உங்களுக்கு அது ஒரு நொடி, திரும்பி வந்து பார்த்தா காடு. "நானூறு வருசமா ஒத்தையிலயா?" என்று அப்பத்தா ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தீ மூட்டிப் படுத்திருப்பாங்க. லூக்கா என்ற பெண்ணுக்கு மட்டும் முழிப்புத் தட்டும். அவளுக்கு முன்னாடி காலத்தின் கதவு ஒன்று திறக்கும். அவள் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவளோட அம்மா ஒரு இயந்திரத்தில் சிக்கிக் கால் இழந்த நாளுக்கு அது கொண்டுபோய் விடும்.

அம்மா சிக்கிக்கிட்டுக் கத்துறாள். அப்பா வீட்டில் இல்லை. இயந்திரத்தை நிறுத்த ஒரு பாஸ்வேர்ட் போடணும். அது என்னன்னு வீட்டுக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கு: அப்பாவுக்குப் பிரியமான மனைவியின் பேர். லாரா. எல், ஏ, ஆர், ஏ. நான் கண்டுபிடிச்சுட்டேன்! கீபோர்டில் எல் அமுக்கினேன். ஒண்ணும் ஆகலை. ஏ, ஆர், எல்லாம் அமுக்கினேன். ஒண்ணும் ஆகலை. அந்த எழுத்துகள் ஜப்பான் பெட்டியோட கைப்பிடியில் இருக்கிற பட்டன்கள். என் கீபோர்டில் அவை வேற எங்கேயோ இருந்துச்சு. எங்கேன்னு எனக்குத் தெரியாது. பதற்றத்தில் எல்லா எழுத்தையும் தட்டினேன். நேரம் முடிஞ்சது. அலறல். திரை இருட்டு.

"என்னாச்சு?" என்றது அப்பத்தா.

"காப்பாத்த முடியலை."

இடிக்கிற சத்தம் நின்னுருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, யாருக்கோ சொல்ற மாதிரி, "அந்நேரத்துக்கு என்ன செய்யணும்னு ஒருத்தருக்கும் தெரியலையே" என்றது. பிறகு, "உங்க பெரியப்பனுக்கும் அப்படித்தான்" என்று எழுந்து போயிருச்சு.

அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்து ஏழு வயசில் இறந்துட்டார் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பட்டன்கள் எங்கே இருக்குன்னு மெனுவில் கண்டுபிடிச்சேன். எமுலேட்டரில் பழைய இடத்துக்குத் திரும்பலாம். திரும்பினேன், சரியா அமுக்கினேன், இயந்திரம் நின்னது, அம்மா பிழைச்சாள். ஓடிப்போய் அப்பத்தாவைக் கூட்டிட்டு வந்து, "இந்தா பாரு, காப்பாத்திட்டேன்" என்று காட்டினேன்.

பார்த்துச்சு. "அப்ப நேத்து நடந்தது?" என்று கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியலை.

இப்ப மருத்துவம். 2011, ஹவுஸ் சர்ஜன். ஒரு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, விடிகாலை. எட்டு வயசுப் பையன், வயிற்றுவலி, வாந்தி. ராத்திரி நல்லாத்தான் இருந்தான் என்றார்கள். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துட்டு அல்சர் ஊசி எழுதினேன். ஆமா, நான்தான் எழுதினேன். ஊசி போட வந்த சிஸ்டர், பையனோட அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தான்?"

"களத்து மேட்டுல, தரையிலதான்."

சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க. பிறகு, "தம்பி, கண்ணைத் தொறந்து என்னையப் பாரு" என்றாங்க. அவனால முழுசாத் திறக்க முடியலை. இமை தொங்கிப் போயிருந்துச்சு.

கட்டுவிரியன். ராத்திரியில் வரும், தரையில் படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். பல் தடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். அந்தப் பையனுக்கு விஷமுறிவு மருந்து கொடுத்து, சில நாள் வென்டிலேட்டரில் வச்சோம். நடந்து வீட்டுக்குப் போனான்.

(டாக்டர் பதிவுன்னா இதைச் சொல்லாம விட முடியாது. முடிஞ்ச வரைக்கும் கட்டிலில் படுங்க. தரையில்தான்னா கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நல்லாச் செருகுங்க. சந்தேகம் இருந்தா 108. கட்டுப் போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீங்க.)

சிஸ்டரோட அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை எங்க அப்பத்தாவோடது. அந்த வாரமே ஊருக்குப் போய், முதல் முறையா உட்கார்ந்து கேட்டேன். பெரியப்பாவுக்கு என்னதான் ஆச்சு?

புதுசா ஒண்ணும் சொல்லலை. எல்லாம் எப்பவோ ஒவ்வொரு வரியா என் காதில் விழுந்ததுதான். அறுப்பு நேரத்தில் களத்தில் படுத்திருந்தோம்னு ஒரு தீபாவளிக்குச் சொன்னது. ராத்திரி ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னான்னு, நான் சாப்பிட அடம்பிடிச்சப்ப சொன்னது. வயிறு வலிக்குதுன்னான், ஓமத்தண்ணி கொடுத்தேன்னு எப்பவோ சொன்னது. கண்ணு சொருகுச்சு, தூக்கம்னு நினைச்சுத் தட்டிக் கொடுத்தேன் என்றது மட்டும்தான் அன்னைக்கு முதல் தடவை. அறுபதுகளின் தொடக்கம் அது. காத்து கருப்புன்னு நினைச்சு விபூதி போடத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க.

உலகத்தில் இல்லாத ஊர்க் கிழவன் சொன்ன ஒரு வரிக்காக கிராஃப் நோட்டுப் போட்டுச் சகதியைத் தேடினவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து வெத்தலை இடிச்ச கிழவி பத்து வருஷமாச் சொன்னதை நான் சேர்த்து வச்சுப் பார்க்கவே இல்லை.

அந்த எட்டாம் வகுப்புப் பையனிடம் இதை எல்லாம் சொல்லலை. கண்ணாடி போட்டதும் தலைவலி போயிருச்சுன்னு நேத்து அவங்க அம்மா வந்து சொன்னாங்க. கேமைத் திட்டச் சொன்னாங்களே, திட்டலை. நேரத்தைக் குறைக்கச் சொன்னேன். லூக்கா கதையைப் பாதி சொல்லி நிறுத்தியிருந்தேன். "அந்த பாஸ்வேர்ட் என்ன சார்?" என்றான். நீயே போய்த் தேடுன்னுட்டேன். உங்களுக்குத்தான் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க.

அன்னைக்கு அப்பத்தாகிட்ட, அது பேய் இல்ல, பாம்புன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கணுமான்னு இன்னைக்கும் தெரியலை. விஷமுறிவு மருந்து அப்பவே இந்தியாவில் தயாரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. மதுரைப் பெரியாஸ்பத்திரி எங்க ஊரில் இருந்து வண்டி கட்டிப் போற தூரம்தான். ஆனா மூச்சு நின்னுட்டா மருந்து மட்டும் போதாது, அந்தக் காலத்தில் போயிருந்தாலும் பிழைச்சிருப்பாரான்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மருந்து இருந்துச்சான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் கேக்கலை.

"கடிச்சப்ப புள்ளைக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்காது அப்பத்தா. கட்டுவிரியன் கடிச்சா வலி பெருசாத் தெரியாது. நிறையப் பேருக்குக் கடிச்சதே தெரியாது."

"நெசமாவா? நீ படிச்சதுல அப்படி இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா."

பையில் இருந்த மெடிசின் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வச்சேன். எங்கே போட்டிருக்குன்னு கேட்டுச்சு. விரலைப் பிடிச்சு அந்த இங்கிலீஷ் வரியில் வச்சேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"என்ன சொல்றான்?"

ஒவ்வொரு வரியா வாசிச்சுத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் 'ம்' கொட்டுச்சு.